பத்மாசனிக்குத் திருப்பிக் கொடுத்த இலத்திரன்கள்

இராசமலர் அக்காவின் கதையை அவருடைய பொறாமையில் இருந்துதான் தொடங்க வேண்டும். மற்றபடி அவரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கைப்பக்குவம் உள்ளவர், தன் பாட்டில் இருப்பார், குரலை உயர்த்திக் கதைக்க மாட்டார், யார் வீட்டுப் படலையையும் காரணமில்லாமல் திறக்க மாட்டார். ஆனால் பத்மாசனியின் பெயரை யாராவது கொஞ்சம் அன்பாகச் சொல்லிவிட்டால் போதும், அக்காவின் மூக்கு நுனி சிவந்துவிடும். நான் அதே வரிசையில் குடியிருக்கிறவள். அந்த மூக்கை நன்றாக அறிவேன்.

பத்மாசனி வேறு யாருமில்லை, அக்காவின் கணவர் சிற்றம்பலத்தின் தம்பி பெண்சாதி. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் அரசாங்கம் பயிர்செய்யக் காணி கொடுத்தபோது அண்ணனும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒன்றாக வந்து இறங்கினார்கள். வரிசையில் முதல் வீடு சிற்றம்பலத்துக்கு, அடுத்தது தம்பி அப்புத்துரைக்கு, மூன்றாவது எங்களுக்கு. இராசமலர் அக்கா விஞ்ஞானம் படித்து எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவர். ஆசிரியையாக வரவேண்டியவர், காணிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு வயல் வரம்பில் நின்றார். பத்மாசனி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எல்லாரும் இராசமலரை 'அவா' என்பார்கள், பத்மாசனியை 'அவள்' என்பார்கள். மரியாதை எல்லாம் அக்காவுக்கு, போய் வருவதெல்லாம் பத்மாசனி வீட்டுக்கு. அக்காவை அரித்தது அதுதான்.

முதலில் ரேடியோ வாங்கியது யார்? அக்கா வீடு. இதை நான் சொல்லாமல் விட்டால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார். முதல் காலபோக நெல் விற்ற கையோடு சிற்றம்பலம் யாழ்ப்பாணம் போய், கார் பற்றறியில் வேலை செய்கிற ஒரு வால்வு ரேடியோவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு கமுகமரக் கம்பத்துக்கு இடையில் ஏரியல் கம்பி கட்டினார். பொழுதுபட நாங்கள் எல்லாரும் அங்கேதான். அக்கா வாசலில் நின்று "வாங்கோ, இருங்கோ" என்று சொன்ன அழகை நான் கண்டிருக்கிறேன்.

அது கனநாள் நீடிக்கவில்லை. பற்றறி ஒருநாள் படுத்துவிட்டது. அதைக் கழற்றி வண்டிலில் ஏற்றி, ஒட்டுசுட்டானில் லாபிர் நானாவின் அரிசி மில்லுக்குக் கொண்டுபோய், அங்கே எஞ்சினோடு பூட்டியிருந்த டைனமோவில் மின்னேற்றிக்கொண்டு வரவேண்டும். வயல் வேலைக்கு நடுவில் சிற்றம்பலம் முணுமுணுத்தார். அக்கா உடனே கரித்துண்டை எடுத்துக் குசினிச் சுவரில் கணக்குப் போட்டார். அப்படிக் கணக்குப் போட எங்கள் கொலனியில் வேறு ஆள் கிடையாது.

எனக்கு அவர் விளக்கிச் சொன்னதை எனக்கு விளங்கியமட்டில் சொல்கிறேன். கம்பிக்குள்ளால் ஓடுவது இலத்திரன் என்ற மிகச் சின்னத் துணிக்கை. ஒரு விநாடியில் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கு அம்பியர் என்று ஓர் அளவு. அம்பியரை விநாடியால் பெருக்கினால் கூலோம் வரும். ஒரு கூலோமுக்குள் எத்தனை இலத்திரன்? அறுநூற்று இருபத்துநான்கு எழுதி அதன் பின்னால் பதினாறு சைபர். ரேடியோவின் முதுகில் இரண்டு அம்பியர் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்தில் ஏழாயிரத்து இருநூறு கூலோம். இலத்திரனில் சொன்னால் நாற்பத்தைந்தும் இருபத்தொரு சைபரும். சுவர் முழுவதும் கோழி முட்டையிட்டது போலக் கிடந்தது.

"ரண்டு அம்பியர் எண்டு போட்டிருக்கிறது முழுச் சத்தத்துக்கு," என்றார் அக்கா. "காவாசிச் சத்தத்தில வைச்சால் அரை அம்பியர்தான் போகும். நாலு மடங்கு நேரம் கேக்கலாம்."

பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு சைபரைத் தவறாமல் எழுதத் தெரிந்தவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? அன்றில் இருந்து ரேடியோவின் சத்தத் திருகு அடிமட்டத்துக்குப் போனது. ரேடியோ பெட்டிக்குள் யாரோ தூக்கத்தில் பிதற்றுவது போலக் கேட்கும். நாங்கள் முன்னுக்கு முன்னுக்குத் தள்ளி இருந்து பார்த்தோம், ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொருவராக வராமல் விட்டோம். அக்கா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த போகத்தில் அப்புத்துரையும் அதே மாதிரி ஒரு ரேடியோ வாங்கினான். அதோடு வந்தது வினை.

பத்மாசனிக்கு அம்பியரும் தெரியாது, கூலோமும் தெரியாது. திருகு எவ்வளவு திரும்புமோ அவ்வளவுக்குத் திருப்பிவிடுவாள். வரிசை முழுவதும் அவள் முற்றத்தில் போய்க் குந்தியது. வயலால் வந்து கைகால் கழுவிவிட்டுப் போவோம். ஒரு நாடகமோ கொஞ்சப் பாட்டோ கேட்போம், தேத்தண்ணி குடிப்போம். இருட்டிவிட்டால் யானை வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும். அதனால் இருட்டுமுன் எல்லாரும் கூட்டமாக எழும்பிப் போய்விடுவோம். நாங்கள் போனதும் அப்புத்துரை ரேடியோவை நிற்பாட்டிவிட்டுக் காவலுக்குப் போய்விடுவான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா தன் ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு இருப்பார். காலையில் முடுக்கினால் படுக்கப் போகும்வரை அது பிதற்றிக்கொண்டே இருக்கும். பத்மாசனி வீட்டில் போனது எதுவும் தனக்குத் தப்பக்கூடாது, அவர்கள் கேளாததும் தான் கேட்டிருக்க வேண்டும். காவாசிச் சத்தம்தானே, செலவில்லை என்பது அவர் எண்ணம்.

ஒருநாள் என்னை வாய்க்காலடியில் மறித்தார். மூக்கு சிவந்திருந்தது.

"எங்கட றேடியோ வாய்க்குள்ள முணுமுணுக்குது. ஒரு கிழமை போக முதல் பற்றறி செத்துப் போகுது. அங்க தொண்டை கிழியக் கத்துது, அவளின்ர பற்றறி கல்லு மாதிரிக் கிடக்குது. ரண்டு பற்றறியும் ஒரே நாள்தான் மில்லுக்குப் போகுது. இதுக்கு என்ன விளக்கம் எண்டு நீர் சொல்லும் பாப்பம்."

"எனக்கென்னண்டக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவள் லாபிர் நானாவோட பல்லைக் காட்டிக் கதைப்பாள். அவர் அவளுக்குக் கூட ஏத்தி விடுறார்."

பாவம் லாபிர் நானா, பேரப்பிள்ளை கண்ட மனுசன். ஆனால் பொறாமைக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால் அதை ஆரும் பறிக்க முடியாது. அடுத்தமுறை பற்றறிகளை ஏற்றிய வண்டிலில் அக்காவும் ஏறினார். என்னையும் துணைக்கு இழுத்தார்.

மில்லில் உமித் தூசுக்கு நடுவில் இரண்டு பற்றறியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டைனமோவில் இருந்து வந்த கம்பி அக்காவின் பற்றறிக்குள் போய், அதன் மற்ற முனையால் வெளிக்கிட்டு, பத்மாசனியின் பற்றறிக்குள் போய், பிறகு டைனமோவுக்குத் திரும்பியது. நடுவில் அம்பியர்மானி ஒன்று. அக்கா சிற்றம்பலத்தின் கைமணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு நெல் மூட்டையில் ஏறி இருந்தார். எஞ்சின் நிற்பாட்டும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பெட்டியும் ஒரே வயரிலதான் கெடக்குது தங்கச்சி," என்றார் லாபிர் நானா, சிரித்துக்கொண்டு. "இதுக்குள்ளால போறதுதான் அதுக்குள்ளாலயும் போகும். ஆருக்கும் கூடவும் இல்லை, கொறையவும் இல்லை."

அது அக்காவுக்குத் தெரியாத விஷயமா? ஒரே கம்பி, ஒரே அம்பியர், ஒரே நேரம். இரண்டு பற்றறிக்கும் இலத்திரன் கணக்கு ஒரு சைபர்கூட வித்தியாசப்படாது.  வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா சொன்னார், "என்னவோ செய்யிறாள். என்ன எண்டுதான் பிடிபடேல்லை."

அந்தச் சமயத்தில்தான் மாங்குளம் பஸ்ஸில் வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார். அக்காவின் தம்பி யோகலிங்கம் மிருதங்கம் வாசிக்கிறவன். தாய் இல்லாத பிள்ளை, அக்காதான் வளர்த்தவர். வருகிற ஞாயிறு காலை இலங்கை வானொலியில் ஒரு பாட்டுக் கச்சேரிக்கு அவன் வாசிக்கிறானாம், தனி ஆவர்த்தனமும் இருக்காம்.

அக்கா அன்று வீடு வீடாகப் படலை திறந்தார். காரணமில்லாமல் திறக்காதவருக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டை வாங்கோ. தம்பி வாசிக்கிறான்." பத்மாசனிக்கும் சொன்னார். சொல்லும்போது மூக்கு சிவக்கவில்லை. அவளே வந்து தன் முற்றத்தில் குந்தி இருக்கப்போகிறாள் அல்லவா? அந்த ஒரு காலைக்காக அக்கா எதையும் கொடுத்திருப்பார்.

ஞாயிறுவரை பற்றறி தாங்கவேண்டும். அதனால் திருகை இன்னும் குறைத்தார். ஆனால் தம்பியின் பெயரை முன்கூட்டியே அறிவித்தாலும் அறிவிப்பார்கள் என்று ரேடியோவை ஒரு நிமிசமும் நிற்பாட்டவில்லை. அடுப்படியில் நின்றாலும் ஒரு காது அங்கேதான்.

ஞாயிறு காலை முற்றம் நிறைந்தது. பாய் போதாமல் படங்குச் சாக்கு விரித்தார்கள். அக்கா பட்டுச்சேலை உடுத்தியிருந்தார், சிற்றம்பலம்கூடச் சட்டை போட்டிருந்தார். பத்மாசனி கடைசி வரிசையில் பிள்ளைகளோடு இருந்தாள். அறிவிப்பாளர் பெயர்களைச் சொன்னார். யோகலிங்கத்தின் பெயர் வந்ததும் எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அக்கா எழும்பிப் போய்த் திருகை முழுவதும் திருப்பினார். வாங்கிய புதிதில் கேட்ட அந்தச் சத்தம் திரும்பவும் வீட்டுக்கு வந்தது.

ஒரு பாட்டுத்தான் முடிந்தது. இரண்டாவது பாட்டில் பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. பெட்டிக்குள் ஏதோ இரைந்தது, பிறகு அதுவும் இல்லை. அக்கா பெட்டியைத் தட்டினார். கம்பியை அமர்த்திப் பிடித்தார். சிற்றம்பலம் "செத்துப் போச்சு" என்றார். கச்சேரி எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது, தனி ஆவர்த்தனம் வரப்போகிறது, இங்கே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். அக்காவைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"அங்க போவமே?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். அங்கே என்றால் எங்கே என்று கேட்கத் தேவையில்லை.

அதற்குள் பத்மாசனி எழும்பி ஓடியிருந்தாள். அவளும் அப்புத்துரையும் தங்கள் பற்றறியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு படலைக்குள்ளால் வந்தார்கள். அசிற் சிந்தி அவள் சேலையில் ஓட்டை விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. கம்பியை மாற்றிக் கொளுவினார்கள். வால்வுகள் சூடேறின. பெட்டி வாய் திறந்தபோது பாட்டு முடிந்து மிருதங்கம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

யோகலிங்கம் திறமாக வாசித்தான். அக்கா அழுதார். கச்சேரி முடிந்ததும் சனம் எழும்பியது. படலையடியில் எங்கள் வரிசை நடராசா அம்மான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"பத்மாசனியின்ர பற்றறி எண்டபடியால் தம்பியின்ர தனியைக் கேட்டம். நல்ல பிள்ளை அவள்."

தன் தம்பி, தன் முற்றம், தன் ரேடியோ. பெயர் மட்டும் பத்மாசனிக்கு. அக்காவின் மூக்கை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "அவளின்ர ஒரு இலத்திரனும் எனக்கு வேண்டாம். எண்ணிக் குடுக்கப்போறன்."

"போன இலத்திரன் மற்றக் கம்பியால சுத்தித் திரும்பப் பற்றறிக்குத்தானே வருது எண்டு நீங்களே சொன்னனீங்கள். பிறகென்ன கடன்?"

"வரும். களைச்சு வரும்," என்றார் அக்கா.

கடனைச் சரியாகத் தீர்க்கவேண்டுமே! பத்மாசனியின் பற்றறியில் ஓடியது இருபது நிமிசம். அம்பியரைப் பெட்டியின் முதுகில் போட்டிருப்பதை நம்பாமல் தானே அளக்கவேண்டும் என்று ஒட்டுசுட்டானுக்குப் போய், பற்றறிக்கு மின்னேற்றிக்கொண்டு, லாபிர் நானாவிடம் ஒரு சின்ன அம்பியர்மானியையும் இரவல் வாங்கி வந்தார். "எண்ணி முடிஞ்சா எனக்கும் சொல்லுங்கோ தங்கச்சி," என்று நானா சொல்லிவிட்டிருந்தார்.

அம்பியர்மானியைக் கம்பிக்கு நடுவில் கொளுவினோம். "நீர் திருகைத் திருப்பும். நான் முள்ளைப் பாக்கிறன்," என்றார்.

முழுவதும் திருப்பினேன். ரேடியோ கத்தியது. முள் இரண்டில் நின்றது.

"இப்ப குறையும்."

குறைத்தேன். முள் இரண்டில் நின்றது. அடிமட்டத்துக்குக் கொண்டுபோனேன், அக்கா இவ்வளவு காலமும் கேட்ட அந்தப் பிதற்றலுக்கு. முள் அசையவில்லை. அக்கா அம்பியர்மானியைத் தட்டிப் பார்த்தார். கம்பியைக் கழற்றித் திரும்பக் கொளுவினார். என் விரல் நோகும்வரை திருப்பவைத்தார். கூட்டினாலும் குறைத்தாலும் அதே இரண்டு அம்பியர்தான்.

அக்கா நிலத்தில் இருந்துவிட்டார்.

"வால்வு சூடேறவும் பெட்டி உயிரோட இருக்கவும்தான் எல்லாம் போகுது," என்றார். "சத்தம் எவ்வளவெண்டு அது பாக்கிறேல்லை. எவ்வளவு நேரம் எண்டு மட்டும்தான் பாக்குது. அவளவை பொழுதுபட மட்டும் கேட்டுட்டு நிப்பாட்டிப் போடுவினம். நான் விடிஞ்சதில இருந்து…"

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "அப்ப நான் ஏன் மெல்லமாக் கேட்டனான்? சனத்தை ஏன் அனுப்பினனான்?"

 கணக்கு முழுவதும் சரி, அரை அம்பியர் என்று காதால் அளந்து போட்ட அந்த ஓர் எண் மட்டும் பிழை. அந்த எண்ணுக்காக வாசலில் நின்று "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லும் பாக்கியத்தை அவர் வேலிக்கு அந்தப் பக்கம் தாரைவார்த்துவிட்டார். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை, எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் கடன் கடன்தான். அன்று பின்னேரம் அவரும் சிற்றம்பலமும் தங்கள் பற்றறியைத் தூக்கிக்கொண்டு பத்மாசனி வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் எல்லாம் வழமைபோல முற்றத்தில் இருந்தோம். "இருபது நிமிசம், ரண்டு அம்பியர். பதினைஞ்சுக்குப் பின்னால இருபத்தொரு சைபர்," என்று அக்கா அப்புத்துரைக்குச் சொன்னார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பற்றறியைத் தங்கள் ரேடியோவில் கொளுவினான். நல்ல கதிரை ஒன்றை இழுத்துப் போட்டான். அக்கா ரேடியோவுக்கு முன்னால் மணிக்கூட்டோடு இருந்தார். அந்த வீட்டில் அவர் ரேடியோ கேட்டது அதுதான் முதல் தரம். பத்மாசனி எந்த இடத்தில் இருந்து கேட்கிறாள் என்று பார்க்கவேண்டும் போலும், இரண்டு மூன்று தரம் சுற்றிப் பார்த்தார். பத்மாசனியைக் காணவில்லை.

இருபது நிமிசம் முடிந்தது. ஒரு பாட்டின் நடுவில் அக்கா எழும்பினார். சொல்லாமல் கம்பியைக் கழற்றுவது மரியாதை இல்லை என்று குசினிப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

பத்மாசனி அடுப்புக்கு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு, குசினி முழுவதும் புகை. சுற்றிவரத் தேத்தண்ணிப் பேணிகள்.

"என்ன பாட்டக்கா போகுது?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுக்குள்ள ஒண்டும் விளங்காது."

"நீ கேக்கிறேல்லையே?"

"எங்கயக்கா! வாற சனத்துக்கு ஆர் தேத்தண்ணி ஊத்துறது? இந்த றேடியோ வந்த நாள் தொடக்கம் நான் ஒரு பாட்டு முழுசாக் கேட்டதில்லை." சொல்லலாமா விடலாமா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள், "உங்களில எனக்குச் சரியான எரிச்சலக்கா. நீங்கள் தனிய ஒரு கரைச்சலும் இல்லாமல் இருந்து கேக்கிறீங்கள். வேலிக்கால எனக்கு அந்த முணுமுணுப்பு மட்டும்தான் வரும். விடிய வெள்ளனவே வரும். வயிறு எரியும்."

 புகையில் எனக்குக் கண் எரிந்தது, அக்கா கண்ணைச் சிமிட்டவே இல்லை. பிறகு குனிந்து அவள் கையில் இருந்த ஊதுகுழலை வாங்கினார்.

"எழும்பு. போய் இருந்து கேள்."

"உங்கட இருபது நிமிசம் முடிஞ்சுதெல்லோ?"

"முடிஞ்சுது. நீ போ."

பத்மாசனி போய் அக்கா இருந்த கதிரையில் இருந்தாள். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள். கம்பியை யாரும் கழற்றவில்லை. அக்கா விறகைப் பிரித்து வைத்து அடுப்பை மூட்டினார். இஞ்சி தட்டிப் போட்டார், சாயத்தை இறுக்கமாக வடித்தார். நான் பேணிகளை வெளியே காவினேன்.

நடராசா அம்மான் ஒரு மிடறு குடித்தார். பேணியைத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"ஆர் ஊத்தினது? பத்மாசனி, கோவியாதை பிள்ளை, இந்த முத்தத்தில நான் இப்பிடி ஒரு தேத்தண்ணி குடிச்சதில்லை."

மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். பாட்டு போய்க்கொண்டிருந்தது, ஆனால் பத்மாசனி இப்போது பாட்டைக் கேட்கவில்லை. பேணிகளைச் சுற்றிப் பார்த்தாள். பொழுதுபடும் வெளிச்சத்தில் அவளுடைய மூக்கு நுனி சிவந்துகொண்டு வந்ததை நான் கண்டேன்.

குசினி வாசலில் நின்ற இராசமலர் அக்காவும் அதைக் கண்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், நிமிர்ந்தார்.

"இன்னும் ஆருக்குத் தேத்தண்ணி வேணும்?" என்று கேட்டார், முழுச் சத்தத்தில்.